நெகட்டிவ்களை வீட்டிலேயே டிஜிட்டல் கேமராவால் படியெடுப்பது எப்படி?

நெகட்டிவ் துண்டு ஒன்றை உறையிலிருந்து எடுத்து, ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடிபோலப் பளபளக்கும். மறுபக்கம் மங்கலாக இருக்கும். உருவங்களின் விளிம்புகள் அதில் மெல்லப் புடைத்திருப்பதுகூடத் தெரியும். படம் இருப்பது இந்த மங்கல் பக்கத்தில், எமல்ஷன் பூச்சுக்குள். ஓரத்தில் பதிந்திருக்கும் எழுத்தும் எண்ணும் நேராகப் படிக்க வந்தால், பளபளப்புப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஏறத்தாழ 2 மி.மீ. அகலத்துக்கு எதுவும் பதியாத பட்டை இருக்கும். வண்ண நெகட்டிவில் அது ஆரஞ்சு. கறுப்பு வெள்ளையில் வெளிர்சாம்பல். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை வேண்டாத ஓரம் என்று வெட்டிவிடுவார்கள். எக்ஸ்போஷர் (கேமராவில் பதியும் ஒளியின் அளவு) வைப்பதற்கும், வெள்ளைச் சமநிலை பிடிப்பதற்கும், கடைசியில் கணினியில் நிறத்தைப் புரட்டுவதற்கும் (தலைகீழாக்கி இயல்பான படமாக மாற்றுவதற்கும்) அந்தப் பட்டைதான் அளவுகோல். இனி அதை 'வெறும் ஃபிலிம்' என்றே சொல்வோம்.

தொடங்கும் முன்

உறையை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த நெகட்டிவ்களை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். முதலில் படியெடுக்க வேண்டியதும் அவற்றைத்தான். சுருங்கி நெளிந்துபோன ஃபிலிமைப் பிறகு எந்தக் கருவியாலும் தட்டையாக்க முடியாது.

வெள்ளைப் பூசணம் பூத்த நெகட்டிவைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. பூசணம் பிடித்த ஜெலட்டின் நீரில் கரையும் தன்மையை அடைந்துவிடுகிறது. கழுவினால் படமே வழிந்துபோய்விடும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய நெகட்டிவ் ஏதாவது கையில் இருந்தால் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'நைட்ரேட்' என்றிருந்தால் அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். வீட்டு மேஜையில் விளக்குப் பலகைமேல் வைக்க வேண்டாம். ஆவணக் காப்பகம் ஒன்றைக் கேளுங்கள்.

கேமராவும் லென்ஸும்

லென்ஸ் மாற்றக்கூடிய எந்த டிஜிட்டல் கேமராவும் போதும். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலத் தரவாக, சேமிக்கும் வசதி மட்டும் கட்டாயம். 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 புள்ளிகள் 36 மி.மீ. நீளத்தில் விழும்போது அங்குலத்துக்குச் சுமார் 4200 புள்ளிகள் கிடைக்கின்றன. கையில் பிடித்து எடுத்த 35 மி.மீ. படங்களில் இதற்குமேல் தேடி எடுக்க விவரம் இருப்பது அபூர்வம். புது கேமரா வாங்க நினைத்தால் அந்தப் பணத்தை விளக்குக்கும் லென்ஸுக்கும் செலவிடுங்கள்.

எவ்வளவு உருப்பெருக்கம் வேண்டும் என்பது, கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்ஸாரின் அளவைப் பொறுத்தது. 36×24 மி.மீ. உள்ள ஃபுல் ஃப்ரேம் சென்ஸாருக்கு 1:1, அதாவது ஃபிலிமில் உள்ள அதே அளவு, வேண்டும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்ஸார் என்றால் 0.65 மடங்கு, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 0.5 மடங்கு. 1:1 வரை போகும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் மூன்றுக்கும் அது போதும். 100 மி.மீ. மேக்ரோவில் 1:1 எடுக்க, சென்ஸாரிலிருந்து ஃபிலிம்வரை சுமார் 30 செ.மீ. உயரம் வேண்டும், 60 மி.மீ. மேக்ரோவில் 20 செ.மீ. போதும். தாங்கியின் உயரத்தை இதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

மேக்ரோ இல்லாவிட்டால், சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் எனப்படும் வெற்று வளையங்களை மாட்டலாம். கணக்கு எளிது: வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். ஏபிஎஸ்-சி கேமராவில் 0.65 வேண்டுமானால் 50 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 32 மி.மீ. வளையம், 12, 20, 36 என்று வரும் செட்டில் முதல் இரண்டையும் சேர்த்தால் சரியாக வரும். மூலைகள் மேக்ரோ அளவுக்குக் கூர்மையாக இருக்காது, ஆனால் கற்றுக்கொள்ள இது தாராளம். லென்ஸின் முன்னால் திருகும் க்ளோஸ்-அப் கண்ணாடிகளைத் தவிர்த்துவிடுங்கள். மலிவான வகைகள் மூலைகளை நிறம் பிரித்துக் குழப்பிவிடும்.

விளக்கு

படத்தின் நிறம் பாதிக்குமேல் இங்கேதான் தீர்மானமாகிறது. வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு முகமூடி நீல ஒளியை நிறையவும் பச்சையை ஓரளவும் விழுங்குகிறது. ஆகவே கேமராவின் நீலப் பகுதிக்குச் சேரும் சமிக்ஞை ஏற்கெனவே மெலிந்தது. விளக்கிலும் குறையிருந்தால், பிறகு மென்பொருளில் எவ்வளவு இழுத்தாலும் தோல் நிறம் சரியாக வராது. சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண்) 95-க்குக் குறையாத வெள்ளை எல்.இ.டி. பலகை வாங்குங்கள். வரைவதற்காக விற்கும் மெல்லிய ட்ரேஸிங் பலகைகளில் பலவற்றில் இந்த எண்ணே குறிக்கப்பட்டிருக்காது. அப்படிப்பட்டது கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு மட்டும் உதவும்.

ஃபிலிமை விளக்குப் பலகையின்மேல் நேராகப் படுக்க வைக்காதீர்கள். நடுவே 2 முதல் 4 செ.மீ. இடைவெளி விடுங்கள். பலகையின்மேல் உள்ள தூசியும் அதன் மேற்பரப்பின் சொரசொரப்பும் அப்போதுதான் ஃபோகஸுக்கு வெளியே போய் மறையும். இடைவெளியில்லாமல் கைப்பேசித் திரையை விளக்காக வைத்தால் அதன் புள்ளிக் கட்டம் படத்தில் வலைபோல வந்து நிற்கும் என்பதற்கும் இதுதான் காரணம்.

பலகையின் பிரகாசத்தை முழுமையாக வையுங்கள். குறைத்து வைத்தால் பல எல்.இ.டி.க்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். படத்தில் அது குறுக்குப் பட்டைகளாக விழும். ஷட்டர் 1/30 நொடி அல்லது அதைவிட மெதுவாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பிறகு, மறைப்பு. கறுப்பு அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டி, படமும் வெறும் ஃபிலிமில் ஒரு கீற்றும் மட்டும் தெரியும்படி விட்டு, மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். ஓரத்துப் பல் ஓட்டைகளையும் சேர்த்துத்தான். அவற்றின் வழியே வடிகட்டாத வெள்ளொளி லென்ஸுக்குள் பாய்கிறது. நெகட்டிவில் அடர்ந்து கறுத்திருக்கும் இடங்கள்தான் படத்தில் வானமும் வெள்ளைச் சட்டையும். கசிந்து வரும் ஒளி முதலில் கெடுப்பது அந்த இடங்களைத்தான். வானம் வெளிறி அழுக்குப் படிந்தாற்போல வந்தால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் மறைப்பைச் சரிபாருங்கள். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். பளபளப்பான ஃபிலிமில் கூரை விளக்கும் கேமராவின் பெயர்ப்பொறிப்பும் பிரதிபலிக்கும்.

தட்டையாகவும் இணையாகவும்

1:1-இல் ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் குறைவு. ஃபிலிம் நடுவில் கொஞ்சம் குழிந்தாலே மூலைகள் கலைந்துவிடும். ஆகவே ஃபிலிமைப் பிடித்துக்கொள்ள நல்ல ஹோல்டர் வேண்டும்; துண்டை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்தெடுக்கும் வகை வசதியானது. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்துவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் வழுவழுப்பான கண்ணாடி பளபளப்புப் பக்கத்தைத் தொடும் இடங்களில் நியூட்டன் வளையங்கள் என்னும் எண்ணெய்ப் படலம்போன்ற வண்ண வட்டங்கள் தோன்றும். தூசி உட்காரவும் நான்கு புதுப் பரப்புகள் கிடைத்துவிடும்.

எமல்ஷன் பக்கத்தைக் கேமராவைப் பார்க்க வைத்து, கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்வதே எங்கள் பரிந்துரை. பிரதிபலிப்பு குறையும், ஃபிலிமின் தடிப்பு வழியாகப் பார்க்க வேண்டியும் இராது.

தாங்கிக்கு, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ளும் காப்பி ஸ்டாண்ட் சிறந்தது. டார்க்ரூமில் படத்தைப் பெரிதாக்கப் பயன்பட்ட பழைய என்லார்ஜரின் தூணும் அடிப்பலகையும் கிடைத்தால் அதற்குச் சற்றும் குறையாது. டிரைபாடின் நடுத்தண்டைத் தலைகீழாகப் பொருத்தியும் செய்யலாம், மேஜை ஆடாத வரை.

கேமரா ஃபிலிமுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்க்க நீர்மட்டத்தைவிட ஒரு சின்ன முகக்கண்ணாடி துல்லியமானது. ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் துண்டைத் தட்டையாக வையுங்கள். கேமராத் திரையில் பார்த்து, கண்ணாடிக்குள் தெரியும் லென்ஸின் பிம்பம் தெளியும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸின் விளிம்பு ஒரு பெரிய வட்டமாகவும், அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறு வட்டங்களும், நடுவே ஒரு கறுப்புப் பொட்டும் தெரியும். அந்தப் பொட்டு திரையின் சரிநடுவில் நின்றால் கேமரா இணையாக இருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், ஸ்டாண்டின் தலையைத் தளர்த்தி மயிரிழை மயிரிழையாகச் சாய்த்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு முதல் நாள் அரை மணி நேரம் ஆகலாம். பழகிவிட்டால் இரண்டு நிமிடம்.

தூசி

ஸ்கேனர்களில் தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்புக் கதிர் வசதி உண்டு. கேமரா முறையில் அது கிடையாது. இங்கே துடைக்காமல் விட்ட ஒவ்வொரு தூசிக்கும் கணினியில் ஒருமுறை சொடுக்க வேண்டும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ரப்பர் குமிழ் ஊதியால் இரு பக்கமும் ஊதுங்கள். போகாததை மின்னேற்றம் நீக்கும் மென்தூரிகையால் ஒரே திசையில் வருடி எடுங்கள். வாயால் ஊத வேண்டாம். எச்சில் துளி எமல்ஷனில் விழுந்தால் கறை நிரந்தரம். விரல் ரேகை பளபளப்புப் பக்கத்தில் இருந்தால் 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மென்துணியில் ஒற்றி லேசாகத் துடைக்கலாம். எமல்ஷன் பக்கத்தைத் தேய்க்கவே கூடாது.

படமெடுத்தல்

1. கேமராவை மேனுவல் முறையில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. கேமராவின் அடிப்படை எண்ணில், பெரும்பாலும் 100. கோப்பு வகை ரா. லென்ஸிலோ கேமராவிலோ உள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

2. அபர்ச்சர் எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் நடுவே. ஆழம் கூடட்டும் என்று எஃப்/16 வைக்காதீர்கள். 1:1-இல் எஃப்/8 என்பதே எஃப்/16 போலத்தான் நடந்துகொள்ளும். எஃப்/16 வைத்தால் அது எஃப்/32-க்குச் சமமாகி, ஒளிச்சிதறலில் கூர்மை போய்விடும்.

3. ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். முகத்தையோ கட்டடத்தையோ பார்க்காதீர்கள். அவை முதலில் எடுத்தபோதே கலங்கியிருக்கலாம். ஃபிலிமின் மணல்மணலான துகள்களைப் பாருங்கள். அவை ஒரு கணம் பளிச்சென்று கொத்தாகத் தெளியும் இடத்தில் வளையத்தை நிறுத்துங்கள். நடுவில் சரிபார்த்தபின் நான்கு மூலைகளுக்கும் போய் அதே துகள்களைப் பாருங்கள்.

4. வெறும் ஃபிலிமை வைத்து எக்ஸ்போஷரைத் தீர்மானியுங்கள். ஹிஸ்டோகிராமில் (இருளிலிருந்து ஒளிவரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தில்) அது வலது எல்லையை எட்டாமல், ஆனால் எட்டும் தறுவாயில் நிற்கும்வரை ஷட்டரை மாற்றுங்கள். வண்ண நெகட்டிவில் சிவப்புதான் முதலில் நிரம்பும். ஆகவே சிவப்பின் ஹிஸ்டோகிராமைத் தனியாகப் பாருங்கள். கஸ்டம் வெள்ளைச் சமநிலையை வெறும் ஃபிலிமில் பிடித்துவைத்தால் மூன்று வண்ணங்களும் அருகருகே வந்து, பார்ப்பது சுலபமாகும்.

5. இந்த எக்ஸ்போஷரை அந்த ரோல் முழுவதற்கும் மாற்றாதீர்கள். படத்துக்குப் படம் மாற்றினால் வெறும் ஃபிலிமின் அளவும் மாறி, நிறம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு திசையில் போகும். அளவுக்குமீறிக் கறுத்த ஓரிரு படங்களுக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு படம் கூடுதல் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

6. 2 நொடி டைமரிலோ ரிமோட்டிலோ எடுங்கள். கண்ணாடி தூக்கி அடிக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் 1/30 முதல் 1/4 நொடி வரை அதிர்வு மிகுதியாகப் பதியும். லைவ் வியூவில், ஷட்டரின் முதல் திரை அசையாமல் மின்னணு முறையில் தொடங்கும் இயக்கத்தோடு எடுத்தால் அது அடங்கும்.

7. வேலை முடிந்ததும் ஃபிலிமை எடுத்துவிட்டு, ஃபோகஸைத் தொடாமல், வெறும் விளக்கை மட்டும் ஒரு படம் எடுங்கள். அது வெளுத்துப் போகாதபடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் குறையுங்கள். மூலைகளில் ஒளி குறைவதை ஈடுகட்ட இந்தப் படம் தேவைப்படும்.

கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுவார்கள். லென்ஸின் மூலை இருட்டு நெகட்டிவைப் புரட்டும்போது மூலை வெளிச்சமாக மாறுகிறது. அதோடு நிறமும் பிசகும். முகம் நடுவில் சிவந்தும் ஓரத்துச் சுவர் வெளிறியும் வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ராதெரபி, லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருள்களில் உள்ள ஃபிளாட்-ஃபீல்ட் (ஒளியைச் சீராக்கும்) வசதிக்கு இந்த வெறும் விளக்குப் படத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கணினியில் புரட்டுவது

கறுப்பு வெள்ளை என்றால் வேலை சுருக்கம். நிறத்தை நீக்குங்கள், ஒளி அளவை மாற்றும் கோடான டோன் கர்வின் இரு முனைகளையும் மேல்கீழாக மாற்றுங்கள், பிறகு கறுப்பு, வெள்ளை எல்லைகளை இழுத்து ஒட்டவையுங்கள்.

வண்ணத்தில் வெறுமனே தலைகீழாக்கினால் எல்லாம் நீலமாக வரும். ஆரஞ்சு முகமூடியின் எதிர்நிறம் அது. அந்த ஆரஞ்சு கறையோ பழமையின் அடையாளமோ இல்லை. ஃபிலிமின் சாயங்களில் உள்ள குறையை ஈடுகட்டத் தயாரிப்பாளர்களே வேண்டுமென்று சேர்த்தது. அதைக் கழித்துவிட்டுத்தான் புரட்ட வேண்டும். கழிக்க வேண்டிய அளவைச் சொல்வது வெறும் ஃபிலிம்.

இலவச மென்பொருளான டார்க்டேபிளில் 'நெகடாக்டர்' என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. முதலில் ஃபில்மிக், சிக்மாய்ட் போன்ற டோன் மாற்றிகளை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் மாறுபாடு இருமுறை ஏறும். பிறகு ஃபிலிம் அடித்தள நிறத்துக்கான துளிக்கருவியை எடுத்து, வெறும் ஃபிலிம் கீற்றின்மேல் சிறு கட்டம் போடுங்கள். அடுத்து, அதிகபட்ச அடர்த்தியைப் படத்தின் உட்பகுதி முழுவதிலும் அளக்கச் சொல்லுங்கள். கறுப்பு அட்டையின் ஓரம் அதற்குள் வரக்கூடாது. இரண்டாவது பக்கத்தில் நிழல்களின் நிறச்சாயலையும் வெளிச்சப் பகுதிகளின் சமநிலையையும் திருத்தலாம். மூன்றாவது பக்கத்தில் உள்ளவை டார்க்ரூமில் தாள் தேர்ந்தெடுப்பதுபோன்றவை: தாளின் கறுப்பு, தாளின் கிரேடு, பிரிண்ட் வெளிச்சம்.

லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு நெகட்டிவ் லேப் ப்ரோ என்ற சேர்ப்பு மென்பொருள் விரைவானது. அதிலும் முதல் வேலை வெறும் ஃபிலிமில் வெள்ளைச் சமநிலையைப் பிடிப்பதுதான். பிறகே ஓரத்தை வெட்டிப் புரட்ட வேண்டும். புரட்டியபின் லைட்ரூமின் சொந்தச் சறுக்கிகள் தலைகீழாக வேலைசெய்யும். வெளிச்சத்தைக் கூட்டினால் படம் இருளும், குழம்ப வேண்டாம்.

தானியங்கித் திருத்தம் சில படங்களில் மட்டும் சொதப்புவதற்குக் காரணம் உண்டு. அது ஒவ்வொரு படத்திலும் நடுநிலைச் சாம்பல் இருந்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்கிறது. சட்டகம் முழுக்க வயல் என்றால் பச்சையைக் குறைத்துவிடும். அந்தி வானம் என்றால் செம்மையைக் கொன்றுவிடும். ரோலில் வெள்ளைச் சுவரும் மனித முகமும் பகல் ஒளியும் சேர்ந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பொறுமையாகத் திருத்துங்கள். பிறகு அதே அமைப்பை ரோலின் மற்றப் படங்களுக்கு நகலெடுத்து, பிரிண்ட் வெளிச்சத்தை மட்டும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். ரோல் முழுக்க ஒரே எக்ஸ்போஷர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

படத்தில் தெரியும் குறையை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

- ஒரு மூலை மட்டும் கலங்கல்: கேமரா சாய்ந்திருக்கிறது. முகக்கண்ணாடியை மறுபடி வையுங்கள்.
- நடு தெளிவு, எல்லா ஓரமும் கலங்கல்: ஃபிலிம் வளைந்திருக்கிறது. உறையிலிட்டுக் கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்துப் பாருங்கள்.
- வெள்ளைப் புள்ளி, வெள்ளை இழை: நெகட்டிவின்மேல் தூசி. அது ஒளியை மறைப்பதால் புரட்டும்போது வெளுக்கிறது. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்தால் தூசி சென்ஸாரில்.
- கீறல் வெள்ளையாக இருந்தால் பளபளப்புப் பக்கத்தில். கறுப்பாக இருந்தால் எமல்ஷனே பெயர்ந்துவிட்டது. முதல் வகை, விளக்கை இன்னும் பரவலாக்கினால் ஓரளவு மறையும். இரண்டாவதைக் கணினியில்தான் தொட்டுத் திருத்த வேண்டும்.
- நிழல்கள் சாம்பல் பூத்து, விவரமே இல்லை: முதலில் எடுத்தபோதே ஒளி போதவில்லை. நெகட்டிவில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறும் ஃபிலிமாக இருக்கும். அங்கே மீட்க எதுவும் கிடையாது.

120 ஃபிலிமும் ஸ்லைடும்

35 மி.மீ.-ஐவிட அகலமான 120 ஃபிலிமில் எடுத்த 6×6 செ.மீ. நெகட்டிவின் 56 மி.மீ. பரப்பை 24 மெகாபிக்சலில் ஒரே படமாக எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 1800 புள்ளிகள்தான் கிடைக்கும். சிறிய பிரிண்டுக்கு அது போதும். பெரிதாக வேண்டுமானால், கேமராவை அசைக்காமல் ஹோல்டரை நகர்த்தி நான்கு பகுதிகளாக எடுத்து ஒட்டுங்கள். பகுதிகள் 30 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். புரட்டுவதற்கு முன்பே ஒட்டிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இணைப்பில் நிறம் வேறுபடும். ஸ்லைடு ஃபிலிமில் படம் இயல்பான நிறத்திலேயே இருப்பதால் புரட்டும் வேலையே இல்லை. ஆனால் இருளும் ஒளியும் வெகுதூரம் விலகியிருப்பதால், வெளிச்சப் பகுதி வெளுக்காத எக்ஸ்போஷரைப் படத்துக்குப் படம் பார்த்து வைக்க வேண்டும்.

சேமித்து வைப்பது

24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 25 முதல் 30 மெகாபைட். 36 படங்கள் கொண்ட ரோலுக்கு ஒரு ஜிகாபைட் வரும். திருத்தியதை 16 பிட் டிஃப் கோப்பாக ஏற்றினால் படம் ஒன்றுக்கே சுமார் 144 மெகாபைட். ராவையும் திருத்தக் குறிப்புகளையும் காப்பாற்றி வைத்து, பார்ப்பதற்கு ஜேபெக் எடுத்துக்கொண்டால் இடம் மிச்சம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, ரோல் எண், ஃபிலிம் ஓரத்தில் உள்ள சட்டக எண் என்ற வரிசையில் வையுங்கள்: 1987-04-23 என்றால் 1987-ஆம் ஆண்டின் 4-ஆவது ரோல், 23-ஆவது படம். அதே ரோல் எண்ணை நெகட்டிவ் உறையிலும் பென்சிலால் எழுதுங்கள். உறை பாலிபுரோபிலீனாக இருக்கட்டும்; பி.வி.சி. உறை காலப்போக்கில் ஆவி கக்கி ஃபிலிமில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ச்சியாக, ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் இடத்தில், நெகட்டிவ்களை நிமிர்த்தி அடுக்குங்கள்.